மலை என்னவாம்?

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது ஜப்பானில் ஓர் எரிமலைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். வேலைக்குப் போய்வர விமானம் ஏற வேண்டியதில்லை. மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் குடியிருந்த கட்டடத்திலிருந்து நூலகம் பன்னிரண்டு நிமிட நடை. சம்பளம் கிடையாது. ஆனால் ஒரு சலுகை இருந்தது: மலை பார்க்கப் போகிற பிள்ளை பாத்திரம் கழுவத் தேவையில்லை. பாத்திரம் கழுவுவதிலிருந்து தப்புவதற்காக எரிமலையைக் கையில் எடுத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மலை உண்மையில் என் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கனடாவுக்கு வருவதற்காகத்தான் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டவர். ஜப்பான் கனடாவுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது என்று காசு வாங்கி ஆள் அனுப்புகிற முகவர் சொன்னாராம். உலகப்படத்தைப் பார்த்தால் அதை முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. மாமா ஆறு வருடமாக அந்த வழியிலேயே நின்றுகொண்டிருந்தார். விசா முதல் வருடத்திலேயே முடிந்துவிட்டது. நகரத்தில் இருந்தால் யாராவது கடதாசி கேட்பார்கள் என்று பயந்து, தெற்கே ஆட்கள் போக விரும்பாத ஒரு கிராமத்துக்குப் போய், ஒரு கிழவரின் வெள்ளரித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆட்கள் போக விரும்பாததற்குக் காரணம் இருந்தது. தோட்டத்துக்குப் பின்னால் அது நின்று புகைத்துக்கொண்டிருந்தது.

மலைக்கு ஒரு பெயர் இருந்தது. அம்மாவின் நாக்கில் அது நிற்கவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் அது ‘தம்பியின்ர மலை.’ ஏதோ மாமா காசு கொடுத்து வாங்கிப் போட்டது போல.

மாமாவின் வேலையில் பாதி சாம்பல் துடைப்பது. வெள்ளரி பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வளர்ந்தது. காற்று அந்தப் பக்கம் திரும்பினால் கூடாரத்தின் மேல் சாம்பல் படியும். வெயில் உள்ளே இறங்காது. வெள்ளரி நோயாளி மாதிரி வெளிறிவிடும். ஆகவே காலையில் எழுந்ததும் நீளத் தடியில் துணியைக் கட்டிக் கூடாரங்களை ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டுவார். ஊரார் முற்றத்துச் சாம்பலைக் கூட்டிப் பைகளில் அள்ளி வீதியோரம் வைப்பார்களாம். குப்பை எடுக்கிற மாதிரி ஒரு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகுமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நடப்பார்களாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வெறும் கம்பளித் தொப்பிதான்.

அந்த நாட்டில் ஒவ்வொரு எரிமலைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண் போடுவார்கள். ஒன்று என்றால் மலை உறங்குகிறது. ஐந்து என்றால் ஓடு. எண்ணை ஊர் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். ஆனால் மாமாவுக்குத் தெரிந்தது தோட்டத்து ஜப்பானிய மொழி: வெட்டு, தூக்கு, துடை, சாப்பிடு. ஒலிபெருக்கியில் வருவது வேறொரு மொழி, அரசாங்கக் கந்தோர்க்காரர் பேசுவது. கிழவரிடம் கேட்டால் எதற்கும் ஒரே பதில்: “தைஜோபு.” ஒன்றுமில்லை, எல்லாம் சரி என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அந்த மலைக்குக் கீழே கிடப்பவர். அவருக்கு அது குறட்டை விடுகிற பக்கத்து வீட்டுக்காரன். மதியத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வீட்டுக்குள் இருந்த ஒலிபெருக்கியின் வயரையே பிடுங்கி வைத்திருந்தாராம்.

ஆகவே எண்ணைப் பார்க்கிற பொறுப்பு மொன்றியலுக்கு வந்தது. இணையத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று யாரோ மாமாவுக்குச் சொல்ல, மாமா அம்மாவுக்குச் சொல்ல, அம்மா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒரு கணினி இருந்தது. அப்பாவின் வேலையிடத்தில் கழித்துவிட்டது. அதில் இணையம் இல்லை. சீட்டு விளையாட்டு மட்டும் இருந்தது, அதுவும் நாலு சீட்டு குறைய. நூலகத்தில் பெயரை எழுதிவிட்டுக் காத்திருந்தால் அரை மணி நேரம் கணினி தருவார்கள். நூலகப் பெண்மணிதான் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துத் தந்தார். மேலே எண், கீழே அது எந்தத் தேதியிலிருந்து என்ற குறிப்பு, பக்கத்தில் மலையை நோக்கி நிறுத்திய ஒரு கமெராவின் படம். இலையுதிர் காலம் முழுவதும் நான் ஒழுங்காகப் போனேன். “மறுபடியும் உன் எரிமலையா?” என்று அவர் பிரெஞ்சில் கேட்பார். நான் பொறுப்புள்ள ஆள் மாதிரிப் பெருமூச்சு விடுவேன்.

அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் களைத்திருந்தார்கள். அம்மா ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்தார். நாள் முழுக்க மற்றவர்களுடைய படுக்கையை மடித்துவிட்டு வந்து தன்னுடையதை விரிக்கத் தெம்பில்லாமல் சோபாவிலேயே சாய்வார். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினார். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. சோற்றுக் கோப்பையை மடியில் வைத்தபடி தூங்கிப்போவார். கோப்பை ஒரு நாளும் சரிந்ததில்லை. அந்தத் திறமைக்கு எந்த நாட்டிலும் பதக்கம் கொடுப்பதில்லை. விழித்திருக்கும்போது தமிழ் வானொலியைக் காதோடு வைத்துக் கேட்பார். ஊரில் போர் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. நான் அறைக்குள் நுழைந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார். வானொலி என்பது நான் வந்தால் மெலிந்துபோகிற ஒரு பெட்டி என்றுதான் எனக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. என் கையில்தான் எரிமலையே இருந்ததே.

அம்மா ஆறு மணிக்கு வருவார். பூட்ஸைக் கழற்ற முன்னமே கேட்பார்.

“மலை என்னவாம்?”

“ரெண்டு.”

“புகை?”

“வெள்ளை.”

“கனக்கவோ?”

“கொஞ்சம்தான்.”

அதற்குப் பிறகுதான் ஒரு பூட்ஸ் கழலும். பிறகு மற்றது. பிறகு அம்மா உட்காருவார். இங்கே ஆறு மணி இருட்டென்றால் அங்கே மறுநாள் காலை எட்டு மணி. நாளைய செய்தியை இன்றைக்கே சொல்கிற பிள்ளை அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். அம்மாவின் வேலையிடத்தில் ஹெயிட்டிக்காரப் பெண்கள்கூட, “உன் தம்பியின் எரிமலை எப்படி?” என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மொன்றியலின் நடுவில் நிற்கிற மலையும் முன்னொரு காலத்தில் எரிமலைதான் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னதை ஒருநாள் வீட்டில் வந்து சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“உதுக்கு என்ன நம்பர்?”

“உதுக்கு நம்பர் இல்லை அம்மா. செத்துப்போச்சாம்.”

“ஆர் போய்ப் பாத்தது?”

தூங்கிக்கொண்டிருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே, “உதுவும் எங்களை மாதிரித்தான். வேலை முடிஞ்சு படுத்திருக்குது. எழுப்பாதேங்கோ” என்றார். அந்த மலை எரிமலையாக இருந்ததே இல்லை என்று பின்னாளில் படித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவருக்கு நான் ஏற்கெனவே கொடுத்திருந்த பொய்ச் செய்திகளே போதும்.

அந்தப் பொய்கள் பனியோடு தொடங்கின. மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை முழங்காலளவு கொட்டியது. நூலகத்துக்குப் போகிற வழியில் ஒரு பூங்கா, அதில் ஒரு சரிவு, அதில் என் வகுப்புப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர். தெப்பனர் என்கிற மூலைக் கடைக்காரர் வெளியே வைத்த அட்டைப்பெட்டியைப் பிரித்து அதில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு தரம் என்று ஏறினேன். இருட்டும்வரை இறங்கினேன். ஜப்பானில் மாமாவின் மலை எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. என்னுடைய மலை மிக நன்றாக இருந்தது.

“மலை என்னவாம்?”

நனைந்த காலுறையைச் சோபாவின் கீழே காலால் தள்ளிக்கொண்டே, “ரெண்டு” என்றேன். நேற்று இரண்டு. முந்தாநாள் இரண்டு. மலை என்ன, தினமும் சட்டை மாற்றுகிற ஆளா? அம்மாவின் பூட்ஸ் கழன்றது. ஒரு சொல்லில் ஒரு மனுசியை உட்கார வைக்க முடிகிறது என்றால் அதற்காகப் பன்னிரண்டு நிமிடம் எதற்கு நடக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. சோம்பேறிகளுக்கு இப்படித்தான் தத்துவம் வரும்.

அதற்குப் பிறகு ஆறு கிழமை நான் நூலகப் பக்கமே போகவில்லை. இரண்டு என்பது அருமையான எண். ஒன்று என்று சொன்னால் “அப்ப இனிப் போக வேண்டாம், பாத்திரத்தைக் கழுவு” என்றுவிடுவார்கள். மூன்று என்றால் வீடு கலங்கும். இரண்டில் எல்லோரும் கௌரவமாக இருக்கலாம். ஆனால் பொய் சொல்கிறவளுக்கு எண் மட்டும் போதாது, அலங்காரம் வேண்டும். புகையைத் தெற்கே அனுப்பினேன், வடக்கே அனுப்பினேன். உச்சியில் பனி போட்டேன். ஒருநாள் அழகுக்காகப் புகைக்கு இளஞ்சிவப்பு நிறம் கொடுத்தேன். “விடியச் சூரியன் பட்டிருக்கும்” என்று அம்மா தானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலைகளில் அம்மா தொலைபேசி அட்டையைச் சுரண்டி மாமாவை அழைப்பார். கிழவரின் வீட்டுத் தொலைபேசி. கிழவர் எடுத்தால் அம்மா, “தம்பி, தம்பி” என்பார். அவர் “ஹாய், ஹாய்” என்று, அதாவது ஓம் ஓம் என்று, மாமாவைக் கூப்பிடுவார். அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் வருடக்கணக்காக நடந்த உரையாடல் இவ்வளவுதான், ஆனால் மனத்தாங்கலே வந்ததில்லை.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாமா, “எங்க என்ர மருமோள்? ஒருக்கா அவளிட்டக் குடு அக்கா” என்றார்.

“பிள்ளை, எப்பிடியிருக்கிறாய்?”

“ஓம் மாமா.”

“எப்பிடியிருக்கிறாய் எண்டு கேட்டால் ஓமோ? சரி விடு. போன கிழமை காத்து தெற்கால எண்டு சொன்னியாம். அதை நம்பி உடுப்புக் காயப்போட்டன். காத்து நேரா என்ர கொடிக்கு வந்தது. இப்ப என்னட்ட இருக்கிற எல்லாச் சேர்ட்டும் ஒரே நிறம்.” அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். “காத்தை நான் பாக்கிறன் பிள்ளை, எனக்கும் மூக்கு இருக்கு. நீ நம்பரை மட்டும் பார். நம்பர் ஏறினால் அக்கா உடன எடுப்பா. நீங்கள் எடுக்கேல்லை எண்டால் ஒண்டுமில்லை. அப்பிடித்தான் நாங்கள் கதைச்சு வைச்சிருக்கிறம். நீ அங்க பாத்துக்கொண்டிருக்கிறபடியால்தான் நான் இஞ்ச நித்திரை கொள்ளுறன்.”

அவ்வளவு நாளும் அது அம்மாவின் மனப்பயம், அதற்கு நான் கொடுக்கிற மருந்து என்றுதான் நினைத்திருந்தேன். மலைக்கு அடியில் கிடக்கிற மனிதர், அந்த மலையின் செய்தியை மொன்றியலில் அட்டைப்பெட்டியில் சறுக்குகிற ஒருத்தியிடமிருந்து பெற்றுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். ரிசீவர் காதில் ஒட்டிக்கொண்டது. “சரி மாமா” என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறக்க முன்னமே வாசலில் போய் நின்றேன். அத்தனை அக்கறையோடு ஒரு நூலகம் திறப்பதற்கு நான் அதற்கு முன்னும் காத்திருந்ததில்லை, பின்னும் காத்திருந்ததில்லை. பக்கம் மெல்லத் திறந்தது. மேலே எண்: மூன்று. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். மூன்று கசங்கவில்லை. கீழே தேதி. விரல் விட்டு எண்ணினேன். பதினொரு நாட்கள்.

பதினொரு நாட்களாக மலை மூன்றில் நின்றிருக்கிறது. நான் அதை இரண்டில் வைத்திருக்கிறேன். இளஞ்சிவப்புப் புகை அந்தப் பதினொரு நாட்களுக்குள்தான் வந்தது.

பக்கத்தை அச்சிட்டுத் தரச் சொல்லி நூலகப் பெண்மணியைக் கேட்டேன். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வாசிக்க வராது. ஆனால் தேதி எந்த மொழியிலும் தேதிதான். வெளியே வந்ததும் தாளின் அடிப்பகுதியை ஒழுங்காக மடித்து, நகத்தால் தேய்த்து, கிழித்தேன். கிழித்த துண்டைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டேன். அது வீடு வரும்வரை உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு கடதாசித் துண்டுக்கு அவ்வளவு எலும்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“அம்மா, மூண்டு.”

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு, கையைக் கூடத் துடைக்காமல் தொலைபேசி அட்டையைத் தேடினார். அப்பா, “இஞ்சேரும், அங்க இப்ப சாமம். பின்னேரம் எடும்” என்றார்.

“மலை மணி பாத்தோ வெடிக்கும்?”

கிழவர் எடுத்தார். “தம்பி, தம்பி.” “ஹாய்.” மாமா வந்தார். அம்மா பேசுவது முழுக்கக் கேட்டது; மாமா பேசுவது ரிசீவரிலிருந்து கசிந்தது.

“டேய், மூண்டாம். வெளிக்கிடு.”

மாமா ஏதோ இழுத்தார். ஊர் ஒலிபெருக்கி சில நாட்களாக அதிகம் கத்துகிறது, பயப்படுகிற ஆட்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் போய்ப் படுக்கிறார்கள், கிழவர் தைஜோபு என்கிறார். பிறகு சொன்னார்: “அக்கா, மண்டபத்தில பேர் பதிவாங்கள்.”

“பேரைக் கேட்டால் சொல்லன்.”

“பேரைச் சொன்னால் பேந்து மற்றதையும் கேப்பாங்கள்.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார்.

“உயிரோட இருந்தால்தானேடா கேப்பாங்கள்” என்றார் அம்மா.

“அவளிட்டக் குடு.”

ரிசீவரில் அம்மாவின் வெங்காயக் கை மணத்தது. என் கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் அதுதான் என்று வைத்துக்கொள்வோம்.

“பிள்ளை, நீ கண்ணால பாத்தனியோ?”

“ஓம் மாமா. கண்ணால பாத்தனான்.”

“மூண்டுதானே?”

“மூண்டு.”

“எப்ப ஏறினது?”

அம்மா எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். பதினொரு நாள் என்று சொன்னால், அந்தப் பதினொரு நாளும் பூட்ஸைக் கழற்ற முன் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பி நிற்கும்.

“இண்டைக்குத்தான் மாமா.”

“அப்ப ஏறிக்கொண்டு வருகுது” என்றார் மாமா. “சரி. நான் வெளிக்கிடுறன்.”

நான் சொன்ன எண் உண்மை. அந்த எரிமலையைப் பற்றி அந்தக் குளிர்காலத்தில் நான் பார்த்துச் சொன்ன முதல் உண்மை அதுதான். தேதிதான் பொய். ஒரே நாளில் ஏறிய மூன்று என்றால் நாளைக்கு நாலு வரலாம் என்று ஓட வேண்டும். பதினொரு நாளாக அசையாமல் கிடக்கிற மூன்று என்றால் கிழவரோடு சேர்ந்து தைஜோபு சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கலாம்.

இதை மாமாவிடம் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகுதான் சொன்னேன். அப்போது அவர் வேறொரு நாட்டில், ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் இருந்தார். ஸ்கைப்பில் அவருக்குப் பின்னால் பெரிய சட்டிகள் தொங்கின. “பதினொரு நாளும் மூண்டிலயோ கிடந்தனான்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். “நல்லா நித்திரை கொண்டனேயடி!” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிய நேரம் எடுத்தது. பிறகு, அங்கே குளிர் எப்படி என்று கேட்டார்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு மாமாவிடமிருந்து சத்தமில்லை. செவ்வாய்க்கிழமை அம்மா அழைத்தார். கிழவர் எடுத்தார். “தம்பி, தம்பி” என்றார் அம்மா. கிழவர் வழக்கமான ஹாயைச் சொல்லவில்லை. நீளமாகப் பேசினார். நிறுத்தினார், மறுபடி பேசினார், குரல் தாழ்ந்தது. அம்மா எதுவும் விளங்காமல் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தொலைபேசியில் தலையாட்டினால் தெரியாது என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு சொல் வந்தது. “தைஜோபு.” ஆனால் அதை அவர் கேள்வி மாதிரிச் சொன்னார்.

நான் தினமும் நூலகத்துக்குப் போனேன். சரிவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டாளிகள் கத்திக் கூப்பிட்டார்கள். காது கேளாதவள் போல நடந்தேன். கமெராப் படத்தில் சில நாட்கள் வெறும் மேகம். சில நாட்கள் மலை. ஒருநாள் ஒரு கரும்புகை, யாரோ இருமிய மாதிரி, அவ்வளவுதான். “மலை என்னவாம்?” என்று அம்மா கேட்பார். “மூண்டு” என்பேன். புகைக்கு நிறம் சேர்க்கவில்லை. அம்மா பூட்ஸோடே சோபாவில் உட்காரத் தொடங்கியிருந்தார். பனி உருகிக் கம்பளத்தில் குட்டை குட்டையாகத் தேங்கியது. நானே குந்தியிருந்து அவர் பூட்ஸைக் கழற்றி விடுவேன். யாரும் சொல்லாமலே பாத்திரமும் கழுவினேன். அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. திருந்துகிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

எட்டாம் நாள் எண் இரண்டுக்கு இறங்கியது. நான் வழியெல்லாம் ஓடி வந்து சொன்னேன்.

“அப்ப ஏன் அவன் எடுக்கேல்லை?” என்றார் அம்மா.

அதற்கு நூலகத்தில் பக்கம் இல்லை.

பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, தொலைபேசி தானாக அடித்தது. இரவு வேலை முடித்து வந்த அப்பா கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா எடுத்தார். மூன்று நிமிடம்கூட இருக்காது. அம்மா பேசியதெல்லாம், “ஓம்… ஓம்… சாப்பிட்டனியோ… எப்ப… கொழும்புக்கோ?” என்பதுதான். பிறகு ரிசீவரை அதன் இடத்தில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தாழ்ந்த குரலில் சொன்னார். தாழ்ந்த குரலைக் கேட்பதில் நான் பயிற்சி உள்ளவள்.

மண்டபத்தில் மாமாவை மிக நன்றாகத்தான் நடத்தியிருக்கிறார்கள். ஒரு போர்வை, ஒரு சோற்றுருண்டை, ஒரு படிவம். பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெண் தன் தலையணையைக் கூடக் கொடுத்தாளாம். படிவத்தில் பொய்ப் பெயர் எழுதத்தான் நினைத்தாராம். பிறகு, மலை வெடித்தால் யாராவது அக்காவுக்கு அறிவிக்கவாவது வேண்டுமே என்று உள்ள பெயரையே எழுதியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து, குனிந்து வணங்கி, கடவுச்சீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். எண் இறங்கியதும் ஊரார் எல்லோரும் போர்வையை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மாமாவை வேறு இடத்துக்குக் கொண்டு போனார்கள். கிழவர் அங்கேயும் வந்து, வெள்ளரிக்காய் ஒரு பை கொடுத்துவிட்டுப் போனாராம். அடுத்த கிழமை விமானம். கொழும்புக்கு.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மாமா சாகவில்லை. கல் விழவில்லை, சாம்பல் மூடவில்லை. காயம்கூட இல்லை. பதின்மூன்று நாளாக நெஞ்சில் கிடந்தது எழும்பிப் போனது. அவர் இனி ஊருக்குப் போகிறார். நான் ஊரைப் பார்த்ததில்லை. பூட்ஸ் போடத் தேவையில்லாத இடம், எல்லோரும் தமிழ் கதைக்கிற இடம், ஒலிபெருக்கி சொன்னால் மாமாவுக்கு விளங்குகிற இடம் என்று மட்டும் தெரியும். இவர்கள் இரண்டு பேரும் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அப்பாவின் கோப்பை மடியிலிருந்து சரிந்து சோறு தரையில் கொட்டியது. அவர் விழித்துத்தான் இருந்தார். யாரும் அதை அள்ளவில்லை.

நான் போய் அள்ளினேன். அப்போது அம்மா என்னைக் கூப்பிட்டார். கோபமில்லாத குரல். களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத குரல்.

“பிள்ளை, உந்தக் கொம்பியூட்டரில… எங்கட ஊருக்கும் இப்பிடி நம்பர் போடுவாங்களோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை மாதம் நான் சொல்லியும் அம்மாவுக்கு அடிப்படையே விளங்கவில்லையே என்று நினைத்தேன். இந்தத் துறையில் அந்த வீட்டில் எனக்குத்தானே அனுபவம்.

“எரிமலை இருக்கிற இடத்துக்குத்தான் அம்மா நம்பர். அங்கதான் எரிமலையே இல்லையே. மாமாவுக்கு இனி நம்பர் தேவையில்லை.”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“ஓம்” என்றார். “அங்க இல்லைத்தானே.”

ஒரு நல்ல செய்தியை, அதுவும் இந்த முறை உண்மையான ஒன்றை, சொல்லி முடித்த திருப்தியோடு நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு விளையாடப் போனேன்.